இருநூற்றுப் பதினாலாம் இலக்க வில்லை

போன கிழமை ஹிஸ்புல்லாவைக் கொழும்பு ரெயிலில் ஏற்றிவிட்டு அத்தியாயத்தை முடித்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஏழு மாதக் கர்ப்பிணியை விட்டுவிட்டு ஒருத்தன் குவைத் வேலைக்குச் சோதனை எடுக்கப் போகிறானே, தடுக்க அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லையா என்று நிலாவெளி வாசகி ஒருவர் நாலு பக்கத்தில் கேட்டிருக்கிறார்.

ஆள் இருந்தது, அம்மா. தடுக்க வேண்டிய ஆள்தான் வழியும் செய்து கொடுத்தது. அது யார், எப்படி என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு என்னை ஏசுங்கள்.

ஹிஸ்புல்லாவின் மனைவி பரீனாவின் உடன்பிறந்த காக்கா அபூதாஹிரை உங்களுக்குத் தெரியும். சீனக்குடாக் கரையிலுள்ள கப்பல் கட்டும் யார்ட்டில் பதினொரு வருடமாக இரும்புத் தகடு பொருத்துகிறவர். தங்கச்சி மாப்பிள்ளையை அதே யார்ட்டில் வெல்டிங் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் வந்தால் ஹிஸ்புல்லாவின் வேலை நிரந்தரம். இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் குவைத்துக்காரருக்கு வெல்டர்கள் தேவை என்ற கதை வந்தது.

"ஒரே ஒரு நாள் மச்சான்," என்று ஹிஸ்புல்லா கெஞ்சினான். "சரி வந்தாப் போறன். சரிவராட்டி இஞ்ச வேலை இருக்கோணும். ஒரு நாள் வராட்டி ஆறு மாசமும் வீணாப் போயிடும்."

அபூதாஹிர் முதலில் ஏலாது என்றார். இரண்டாம் நாளும் ஏலாது என்றார். மூன்றாம் நாள், "உன்ட வில்லைய என்னட்டத் தந்திட்டுப் போ," என்றார். மனிதர் அவ்வளவுதான். வெளியே இரும்பு, உள்ளே அவித்த கிழங்கு.

வில்லை என்னவென்று சொல்லிவிடுகிறேன். யார்ட்டில் ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. காலையில் எங்கே வேலையோ அந்த இடத்துப் பலகையில் அதைக் கொளுவ வேண்டும். எட்டரைக்குக் கிளார்க் வந்து தொங்குகிற இலக்கங்களை எழுதிக்கொண்டு போவார். அதுதான் வரவு.

கப்பலின் அடித் தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கு வில்லை இன்னும் முக்கியம். தொட்டி வாயில் ஒரு பலகை இருக்கும். உள்ளே போகும்போது வில்லையைக் கொளுவ வேண்டும், வெளியே வந்தால் கழற்ற வேண்டும். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு மாரியில், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மூடியைப் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள்தான் திறந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த பலகை அது. அந்த யார்ட்டில் யாரும் அதோடு விளையாடுவதில்லை.

அபூதாஹிர் விளையாடினார்.

*

அன்று செவ்வாய்க்கிழமை. அபூதாஹிர் மனைவி வீட்டோடு கிண்ணியாவில் இருக்கிறவர். வழக்கம்போல விடியப்புறம் பாதை என்கிற மிதவைப் படகில் துறையைக் கடந்து ஏழரைக்கு யார்ட்டுக்குள் வந்தார். சாரனின் மடிப்பில் இரண்டு வில்லைகள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது 214.

கரையில் சாய்தளத்தின் மேல் புது பார்ஜ் நின்றது. எஞ்சின் இல்லாத தட்டை இரும்புப் படகு, குடாவுக்குள் சீமெந்து ஏற்றி இறக்குவதற்குக் கட்டுகிறார்கள். அதன் அடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் தொட்டி. அந்தத் தொட்டி ஆறு அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு அறையிலிருந்து மற்றதுக்குத் தவழ்ந்து போக ஒரு வட்டத் துவாரம். வாயோ ஒன்றே ஒன்று, பின்பக்கத்தில். கடைசி முன்னறைக்குப் போய்ச் சேர்கிறவன் முழங்காலில் சிராய்ப்போடுதான் திரும்புவான்.

முன்னறையில் காற்றும் சரியில்லை. இரும்பு வேர்த்துத் துருவேறி உள்ளே இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிடும் என்று வேலைக்காரர் சொல்வார்கள். அங்கே வேலை செய்கிற நாட்களில் காற்றுக் குழாய் ஒன்றை உள்ளே விட்டிருப்பார்கள். வெல்டிங் எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்தக் குழாயைத் திங்கள் பின்னேரமே கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

அபூதாஹிர் அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. தொட்டி வாயிலிருந்த பலகையில் 214-ஐக் கொளுவினார். தொட்டிக்குள் இருக்கிற ஆளை மேலே யாரும் தேடமாட்டார்கள். தன்னுடையதை மேல் தட்டுப் பலகையில் கொளுவினார். கிளார்க் எழுதிக்கொண்டு போனதும் ஓடிவந்து 214-ஐக் கழற்றிவிடுவது, பின்னேரம் வரைக்கும் மச்சான் அங்கே நிற்கிறான், இங்கே நிற்கிறான் என்று சமாளிப்பது. அவ்வளவுதான் திட்டம். பதினொரு வருடத்தில் ஒரு ஆணியைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

மேலே ஏறிச் சுத்தியலை எடுத்து வேலையைத் தொடங்கினார். பார்ஜின் முன்பக்கத்தில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்த இருந்தன. அங்கே இருந்து தொட்டி வாய் தெரியாது.

கிளார்க் வழக்கத்துக்கு மாறாகப் பிந்தி வந்தார். எட்டே முக்கால். அவருக்குப் பின்னாலேயே போர்மன் பாக்கியரத்தினமும், கொழும்பிலிருந்து வந்த சோதனை உத்தியோகத்தரும் வந்தார்கள். மத்தியானம்தான் வருவார் என்று சொன்ன உத்தியோகத்தர் காலையிலேயே வந்து நிற்கிறார். விசில் ஊதினார்கள். தொட்டிக்குள் தண்ணீர் விட்டு எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கிற சோதனை உடனே நடக்க வேண்டுமாம்.

அபூதாஹிர் சுத்தியலைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். பாதி ஏணியிலேயே விளங்கிவிட்டது, பிந்திப்போனேன் என்று.

*

பாக்கியரத்தினம் சத்தம் போடாத மனிதர். அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம்.

தொட்டிக்குள் கூட்டித் துப்புரவாக்கிய கோணாமலையும் ஸெய்னுதீனும் வெளியே வந்து தங்கள் வில்லைகளைக் கழற்றிக்கொண்டார்கள். பலகையில் ஒன்று மிஞ்சியது.

"இருநூற்றுப் பதினாலு," என்றார் போர்மன். "ஹிஸ்புல்லாவோ உள்ளுக்கு?"

கோணாமலை ஸெய்னுதீனைப் பார்த்தான். "நாங்கள் காணேல்ல ஐயா. எட்டேகாலுக்கு இறங்கிப் பின் மூண்டு அறையும்தான் கூட்டினனாங்கள். முன்பக்கம் நேற்றே முடிஞ்சுது."

"நீங்கள் போகேக்குள்ள இந்த வில்லை தொங்கினதோ?"

"ஓம். தொங்கினது."

போர்மன் குனிந்து வாய்க்குள் தலையை விட்டு, "ஹிஸ்புல்லா," என்று கூப்பிட்டார். இரண்டு தரம் கூப்பிட்டார். ஸெய்னுதீன் சுத்தியலால் தகட்டில் மூன்று தட்டுத் தட்டினான். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும். எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். ஒன்றும் இல்லை.

"காத்துக் குழாயும் இல்லை," என்றார் போர்மன். அவருடைய முகம் மாறிவிட்டது. "விழுந்து கிடக்கிறானோ தெரியாது. கோணாமலை, கயிறு கட்டு."

அங்கே நின்றவர்களில் முன்னறை வரைக்கும் தாராளமாகத் தவழ்ந்து போகக்கூடிய ஆள் கோணாமலை ஒருத்தன்தான். சல்லி என்ற கரையூர் மீனவன். நெஞ்சுச் சளியால் கடலுக்குப் போக முடியாமல் யார்ட்டுக்கு வந்தவன். அஞ்சு பிள்ளைகள். போன மாதம் இதே முன்னறையில் இருந்து அவனைக் கயிற்றில் இழுத்து எடுத்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவன் சட்டையைக் கழற்றினான். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றினான்.

அபூதாஹிர் நாலு முழத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கோணாமலை போவான், தேடுவான், ஆளில்லை என்று வருவான். ஹிஸ்புல்லா வெளியே வந்தபோது வில்லையைக் கழற்ற மறந்துவிட்டான் என்று நினைப்பார்கள். ஒரு ஏச்சோடு போய்விடும். மச்சானின் வேலையும் தப்பும், தன்னுடையதும் தப்பும், பரீனாவும் கண் கலங்க வேண்டியதில்லை. ஒரு பத்து நிமிடம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தில் கோணாமலைக்கு ஏதும் ஆகிவிட்டால்? இல்லாத ஒருத்தனைத் தேடிப் போய்?

கோணாமலை கால்களை உள்ளே விட்டுவிட்டான்.

"இறங்க வேணாம் கோணாமலை," என்றார் அபூதாஹிர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"உள்ளுக்கு ஆள் இல்ல. அந்த வில்லைய நான்தான் கொளுவினனான். மச்சான் கொழும்புக்குப் போயிட்டான். வரவு விழட்டும் எண்டு நான் செஞ்ச வேலை."

உத்தியோகத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அபூதாஹிர்," என்றார் போர்மன் மெல்ல. "வடிவா யோசிச்சுச் சொல்லும். வெக்கத்தில சொல்லுறீரோ, மெய்யாச் சொல்லுறீரோ?"

"வல்லாஹி, ஐயா. அந்தத் தொட்டிக்குள்ள ஒரு உசிரும் இல்ல. ராத்திரி ரெயில்ல நானே ஏத்தி விட்டனான். இப்ப அவன் கொழும்பில."

கோணாமலை இன்னும் கால்களை வெளியே எடுக்கவில்லை. "கயிறு கட்டினனான்தானே ஐயா. ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்."

"என்னத்துக்கு?" என்றார் அபூதாஹிர். அவனுடைய தோளைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தவரும் அவர்தான். "இல்லாத ஆளுக்காண்டி நெஞ்சக் கெடுத்துக்கொள்ளாத. நான் சத்தியம் பண்ணிட்டன்தானே."

போர்மன் 214-ஐப் பலகையில் இருந்து கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். அவருக்கு உள்ளே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு முஸ்லிம் மனிதர் அல்லாவின் பெயரால் சத்தியம் செய்து, அதனால் தன் சோற்றிலேயே மண்ணைப் போட்டுக்கொள்ளும்போது, அது பொய்யாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

"மூடுங்கோ," என்றார்.

மூடியில் இருபத்துநாலு நட்டு. ஸெய்னுதீன் ஒரு பக்கம் இறுக்கினான். மறுபக்கத்தில் அபூதாஹிரே நட்டு முறுக்குகிற சாவியை எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. கடைசி நாளாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்கு முடியவில்லை. பன்னிரண்டு நட்டையும் அவரே இறுக்கினார். பிறகு பம்பைப் போட்டார்கள். தண்ணீர் பாயத் தொடங்கியது. நேரம் ஒன்பதே கால்.

*

காரியாலயத்தில் தட்டெழுத்துக்காரி கமலேஸ்வரி வாக்குமூலம் அடித்தாள்.

"மச்சானுடைய முழுப் பேர் சொல்லுங்கோ."

"ஆதம்பாவா ஹிஸ்புல்லா."

"நீங்கள் தெரிஞ்சுதான் செய்தனீங்கள்?"

"ஓம், பிள்ளை. தெரிஞ்சுதான்."

மனேஜர் பதினொரு மணிக்குத்தான் வருவார், அதுவரை வெளியே மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அபூதாஹிர் இருந்தார். இரண்டு பேருடைய வேலையும் போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பரீனாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. வாப்பா மௌத்தாகிற போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று. தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்பது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அந்த வாங்கில் இருந்த ஒன்றரை மணி நேரம் மனிதருக்கு ஒருவித நிம்மதியாகவும் இருந்தது. கோணாமலை இறங்கவில்லை. அஞ்சு பிள்ளைகளின் தகப்பன் வெயிலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. வேலை போனாலும் கிண்ணியாவில் மச்சினனின் வள்ளப் பட்டறையில் ஏதாவது செய்யலாம். பொய் சொன்னதைத் தானே ஒத்துக்கொண்டாயிற்று. இதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று நினைத்தார்.

பம்பு இரைந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் படகில் துரு சுரண்டுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து தட்டுகிற சத்தம் வேறு. அந்த இரைச்சலில் ஒருவன் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது.

பதினொரு மணிக்கு மனேஜர் வரவில்லை. கேற் காவலாளிதான் வந்தார்.

"உங்கட தங்கச்சி வந்து நிக்குது. கேற்றடியில."

அதற்குள் யார் போய்ச் சொன்னது? எழுந்து போனார்.

பரீனா கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. ஜமாலியாவில் இருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் சோற்றுப் பெட்டி.

"என்ன பரீனா, இந்த நிலமையில இவ்வளவு தூரம்?"

"என்ன செய்யச் சொல்றீங்க காக்கா. விடியக்காலையில ஒரு பிளேன்ரியக் குடிச்சிட்டு அப்பிடியே ஓடிட்டார். ராத்திரியும் சாப்பிடல்ல. இதக் கொஞ்சம் அவரிட்டக் குடுங்க. நீங்களும் சேந்து சாப்பிடுங்க, ரெண்டு பேருக்கும் போதும்."

அபூதாஹிர் பெட்டியை வாங்கினார். வாங்கிய பிறகுதான் அவள் சொன்னது விளங்கியது.

"யாரிட்டக் குடுக்க?"

"அவரிட்டத்தான்."

"அவன் கொழும்பில, பரீனா."

"எங்க கொழும்பு? கந்தளாயில இறங்கித் திரும்பிட்டார். ஆறு மணிக்கு வீட்ட வந்திட்டார். அவர் சொல்லல்லியா காக்கா உங்களுக்கு? உங்கட மச்சான்தானே, ஒண்டும் சொல்லமாட்டார்." அவள் சிரித்தாள். புருசன் குவைத்துக்குப் போகவில்லை என்ற சந்தோசம் அவளுக்கு. "ரெயில்ல ஏறியும் நித்திரையே வரல்லியாம். முன் மூலையில ஒரு வெல்டிங், ரெயிலுக்குப் பிந்துது எண்டு அவசரமா அடிச்சிட்டாராம். தண்ணி விட்டா அது ஒழுகும், உங்கட பேர்தான் கெடும் எண்டு ஒரே புலம்பல். 'தண்ணி விடமுந்தி நான் அத ஒருக்காத் தட்டிப் பாக்கோணும்' எண்டு சொல்லிட்டு ஏழு மணிக்குச் சைக்கிளில வெளிக்கிட்டவர். நீங்க காணல்லியா?"

அபூதாஹிர் மனசுக்குள் நேரத்தை எண்ணிப் பார்த்தார்.

ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் சீனக்குடாவுக்கு எட்டு மணி. ஏழே முக்காலுக்குக் கேற் மூடிவிடும். பிந்தி வருகிறவர்கள் கடற்கரைப் பக்கத்துக் கம்பிவேலியால் நுழைவது எல்லாருக்கும் தெரிந்த விசயம். நுழைந்தவன் நேரே தொட்டிக்கு வந்திருப்பான். பலகையைப் பார்த்திருப்பான். தன் வில்லை தொங்குகிறது. மச்சான் கொளுவிவிட்டார், நல்லதாய்ப் போய்விட்டது என்று சுத்தியலோடு உள்ளே போயிருப்பான்.

முன்னறைக்கு. காற்றுக் குழாய் இல்லாத முன்னறைக்கு.

சோற்றுப் பெட்டி கீழே விழுந்தது. அபூதாஹிர் ஓடினார். நாற்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தகடுகளுக்கும் கம்பிகளுக்கும் மேலால் விழுந்தெழும்பி ஓடினார்.

"பம்ப நிப்பாட்டுங்க," என்று கத்தினார். "ஆள் இருக்கு. உள்ளுக்கு ஆள் இருக்கு."

*

இருபத்துநாலு நட்டு. இறுக்கும்போது ஐந்து நிமிடம் எடுத்தது. கழற்ற எவ்வளவு நேரம் எடுத்தது என்று அங்கே நின்ற யாருக்கும் சொல்லத் தெரியாது. அபூதாஹிரின் கையில் சாவி இரண்டு தரம் வழுக்கி விரல் தோல் உரிந்தது. தான் இறுக்கிய நட்டு ஒவ்வொன்றையும் இவ்வளவு இறுக்கி வைத்தேனே என்று அழுதார். வாய்விட்டே அழுதார்.

"பார்ஜ் சாய்தளத்தில நிக்குது," என்றார் பாக்கியரத்தினம், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "முன்பக்கம் மேடு. தண்ணி இன்னும் அங்க போயிராது. தண்ணியால ஒண்டும் ஆகியிராது."

காற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூடி விலகியது. அபூதாஹிர் தலையை விட்டார், ஒரு தோளை விட்டார். மற்றத் தோள் போகவில்லை. முக்கிப் பார்த்தார். சட்டை கிழிந்ததுதான் மிச்சம்.

"தள்ளுங்கோ அண்ணை," என்றது ஒரு குரல். கோணாமலை கயிறு கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய வாயில் ஸெய்னுதீன் ஈரத் துணியைக் கட்டிவிட்டான். காற்றுக் குழாயை இழுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்கள்.

"கோணாமலை," என்றார் அபூதாஹிர்.

அவன் அவரைப் பார்க்காமலே இறங்கினான். முழங்காலளவு தண்ணீரில் தவழ்கிற சத்தம் கேட்டது. கயிறு ஓடியது. ஒரு அறை, இரண்டு அறை. ஸெய்னுதீன் எண்ணிக்கொண்டு கயிற்றை விட்டான். ஆறாவது அறையில் கயிறு நின்றது. நின்றபடியே நின்றது.

போர்மன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கேற்றிலிருந்து பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவது தெரிந்தது. காவலாளி அவளைத் தடுக்கவில்லை.

கயிறு இரண்டு தரம் சுண்டியது. இழுத்தார்கள்.

முதலில் வந்தது ஹிஸ்புல்லாவின் தலை. கண் மூடியிருந்தது. முகம் சாம்பல் நிறம். வலது கையில் சுத்தியலைப் பிடித்த பிடி விடவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் கோணாமலை இருமிக்கொண்டு வந்து தரையில் விழுந்தான்.

பாக்கியரத்தினம் ஹிஸ்புல்லாவின் நெஞ்சில் காதை வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"மூச்சு இருக்கு," என்றார். "கொஞ்சம்தான். லொறியக் கொண்டாங்கோ."

*

லொறியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். பரீனா பின்னால் ஏறி அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவள் கத்தி அழவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்ப மூடினீங்க?" என்று போர்மனிடம் கேட்டாள்.

"ஒன்பது மணி இருக்கும் தங்கச்சி."

"மூட முந்தி ஒருத்தரும் உள்ளுக்குப் பாக்கல்லியா?"

போர்மன் ட்ரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஸெய்னுதீன் தரையைப் பார்த்தான். கோணாமலை இருமிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தனை பேரும் தனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அபூதாஹிருக்கு விளங்கியது. இன்னும் ஒரு பொய்யை அவர் மேல் ஏற்றி வைக்கிறார்கள், அன்பினால்.

"கோணாமலை பாக்கப் போனவன், பரீனா," என்றார். "கால உள்ளுக்கு வச்சிட்டான். நான்தான் இழுத்து வெளிய எடுத்தனான். உள்ளுக்கு ஒரு உசிரும் இல்லண்டு நான்தான் சத்தியம் பண்ணினனான். மூடியப் போட்டு நட்டு இறுக்கினதும் நான்தான்."

பரீனா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயதாயிருக்கும்போது அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கூத்தாடிய காக்கா. அவளுடைய கல்யாணத்துக்குச் சட்டை தைக்கத் தன் சைக்கிளை விற்ற காக்கா. அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லி ஏசினால் நன்றாயிருக்கும் என்று அபூதாஹிர் நினைத்தார்.

ட்ரைவர் எஞ்சினைப் போட்டான். அபூதாஹிர் ஒரு காலை லொறிப் படியில் வைத்தார்.

"நீங்க ஏற வேணாம் காக்கா," என்றாள் பரீனா.

"பரீனா, நான் கூட வாறன். ஆஸ்பத்திரியில கதைக்க ஆம்புள ஒருத்தன் வேணும்தானே."

"கோணாமலை அண்ணன் வரட்டும். அவருக்கும் மருந்து எடுக்கோணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்க வேணாம்."

அவர் காலை எடுத்துக்கொண்டார். ஸெய்னுதீன் கோணாமலையைத் தாங்கி ஏற்றிவிட்டான். லொறி பின்வாங்கித் திரும்பிக் கேற்றைத் தாண்டியது. பரீனா திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து புருசனின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டானா என்று தெரியவில்லை.

"மனேஜர் வந்திட்டார், அபூதாஹிர்," என்றார் போர்மன். "உம்மைக் கூப்பிடுறார்."

அபூதாஹிர் காரியாலயத்துப் பக்கம் போகவில்லை. கேற்றால் வெளியே வந்து தார் ரோட்டில் ஏறினார். ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல். லொறி போன பக்கம் நடக்கத் தொடங்கினார்.